கிழமைதோறும் ஒரு கேள்வி

(கல்முனையில் சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்றுவரும் பொதுப் பேச்சுக் கூட்டத்தில், எமது சங்கத்தின் தொழிலாளர் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை. தோட்டக் கமிட்டிகளின் கவனத்துக்காக இங்கே தருகிறோம்.)



நேற்று விடியற்காலை பதுளையில் பஸ் ஏறி, பிபிலை வழியாக அம்பாறைக்கு இறங்கி, அங்கிருந்து வயலும் வாய்க்காலும் பார்த்துக்கொண்டே கல்முனைக்கு வந்து சேர்ந்தோம். குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்கள் நாங்கள். இங்கே காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் வந்த இடத்தில் எங்களை விருந்தாளியாக நடத்தாமல் வீட்டு ஆட்களாக நடத்தினீர்கள். அதற்கு எமது சங்கத்தின் நன்றி.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள். "ஒழுக்கத்தைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் கிழமைதோறும் கூடிப் பேசுகிறோம். இதனால் உழைக்கிற மனிதனுக்கு என்ன கிடைக்கிறது? சம்பளம் கூடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நாங்கள் படித்த பேச்சாளர்கள் அல்ல. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். அதிலிருந்து உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய சங்கதி. மருதமுனைத் தறியில் நெய்த சாரமும் சேலையும் நீங்கள் அறிந்தவை. புடவை மூட்டையைத் தோளில் சுமந்து லயத்துக்கு லயம் ஏறி வரும் வியாபாரியை நாங்கள் அறிவோம். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாதிருந்த காலத்தில், அப்படி ஒரு புடவை வியாபாரியாகத்தான் கோ. நடேசய்யர் உள்ளே நுழைந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று கண்ணால் பார்க்கவே அந்த வேஷம். பார்த்ததை அவர் மறக்கவில்லை. பத்திரிகை நடத்தினார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே மக்களைக் கூட்டினார். எழுத்து வாசிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமாருக்கு உரிமை என்ற சொல் காதில் விழுந்தது அந்தப் பாட்டிலேதான்.

ஏன் இதைச் சொல்கிறோம்? கூடி உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்பது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. எங்களுக்கு அது சும்மா கிடைத்ததல்ல. சங்கக்காரன் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு வரும். 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்த உயிருக்குப் பிறகுதான் சங்கத்தோடு பேச வேண்டும் என்று தோட்ட முதலாளிமார் சங்கம் இறங்கி வந்தது. ஆகவே கூட்டம் கூடுவதை நாங்கள் பொழுதுபோக்காக நினைப்பதில்லை. அது எங்கள் முன்னோர் விலை கொடுத்து வாங்கிய உரிமை.

இனி எங்கள் சொந்தக் கதை. எங்கள் பிராந்தியத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே நாங்களும் உங்களைப் போலக் கிழமைதோறும் ஒரு பேச்சு நடத்த வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் மண்டபத்தில். குடிப்பழக்கம், பிள்ளைகளின் படிப்பு, சீதனம், சட்டம் என்று தலைப்புகளை எழுதி ஒட்டினோம். முதல் கிழமை முப்பது பேர் வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். இரண்டாம் கிழமையும் அப்படியே. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களிலும் அவர்களே அதிகம். ஆனால் பேச்சுக் கேட்க ஒருவரும் இல்லை.

ஏன் வரவில்லை என்று ஓர் அம்மாவிடம் கேட்டோம். "ஞாயித்துக்கெழமதான் எனக்கு வெறகு, துணி, தண்ணி எல்லாம். ஒங்க கூட்டத்துல வந்து குந்திக்கிட்டா அடுப்ப யாரு பாக்கிறது?" என்றார். அக்கறை இல்லாமல் வரவில்லை என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தோம். நாங்கள் வைத்த நேரம்தான் அவர்களைத் தள்ளி வைத்தது.

அதனால் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினோம். இடம், கொழுந்து மடுவம். பின்னேரம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம் எப்படியும் அரைமணி போகும். அந்த நேரத்தில் கால்மணி நேரம் பேச்சு, கால்மணி நேரம் கேள்வி. கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்கள்.

மூன்றாவது புதன்கிழமை பேச்சின் தலைப்பு நேர்மை. எங்களுக்கு வாய்ப்பான தலைப்பு. நிறுவையில் சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோவைக் கழிக்கிறார்கள். அன்றைய குறிப்பிட்ட கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான். கழித்த கிலோவால் ஒரு பெண்ணின் அரைநாள் சம்பளம் போகிறது. இது களவு என்று உரத்துப் பேசினோம். கைதட்டினார்கள். பிறகு வரிசையின் கடைசியில் நின்ற ஒரு வயதான அம்மா கையைத் தூக்கினார்.

"ஏன்யா, சாக்குக்கு ரெண்டு கிலோ வெட்டுறது களவுன்னு சொல்றீங்க. செரி. மாசாமாசம் மரணாதாரத்துக்குன்னு எங்ககிட்ட நீங்க வெட்டுறீங்களே, அந்தக் கணக்க ஒருநாளாச்சும் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனீங்களா?"

அன்றைக்கு எங்களுக்கு முதலில் வந்தது கோபம். சங்கத்தைப் பிடிக்காதவர்கள் சொல்லிக் கொடுத்த கேள்வி என்றுகூடச் சிலர் முணுமுணுத்தோம். அடுத்த புதன் கணக்குப் புத்தகத்தோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது 38,500 ரூபா குறைந்தது. கமிட்டியில் இருந்த எம்மில் ஒருவர் எடுத்திருந்தார். மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தது. திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தது. வைக்க முடியவில்லை.

மூடி மறைக்கலாமா என்று நாங்கள் யோசித்தது உண்மை. இரண்டு இரவு பேசினோம். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் சங்கத்தை உடைப்பார்கள் என்றார் ஒருவர். மறைத்தால் சாக்கு நிறுவையைப் பற்றி இனி வாய் திறக்க எங்களுக்கு என்ன யோக்கியதை என்றார் மற்றவர். கடைசியில் புதன்கிழமை மடுவத்தில் கணக்கை முழுதாக வாசித்தோம். பணம் எடுத்தவர் தானே முன்னே வந்து சொன்னார். அங்கே ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதே அம்மாதான் பேசினார். "புள்ளைக்கு வருத்தம்னு கேட்டிருந்தா நாமளே குடுத்திருப்போமே. கேக்காம எடுத்ததுதான்யா பெழ."

அவர் கமிட்டியிலிருந்து விலகினார். பதினொரு மாதத்தில் பணத்தைக் கட்டி முடித்தார். மூன்று குடும்பங்கள் சங்கத்தை விட்டுப் போயின. இரண்டு திரும்பி வந்தன. ஒன்று இன்றுவரை வரவில்லை. அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் கணக்கை வாசிக்கத் தொடங்கியதும், தராசின் கணக்கையும் வாசிக்கும்படி தொழிலாளர்களே கேட்கத் தொடங்கினார்கள். "வெறும் சாக்கை முதலில் நிறுங்கள். அதன் எடையை எழுதி ஒட்டுங்கள். அதற்கு மேல் கழிக்காதீர்கள்." இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்தது சங்கக் காரியாலயம் அல்ல. வரிசையில் நின்ற பெண்கள். சாக்கின் எடையை எழுதி ஒட்ட நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஈரத்துக்குக் கழிப்பது இன்னும் தீரவில்லை. அதற்கான பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சம்பளம் கூடுமா என்று கேட்டீர்கள். பேச்சால் சம்பளம் கூடாது. 1,000 ரூபா நாட்சம்பளம் வேண்டும் என்று நாங்கள் பல வருஷம் தெருவில் நின்றோம். 2021இல்தான் சம்பள நிர்ணய சபை மூலம் அது வந்தது. அது போராட்டத்தால் வந்தது. ஆனால் போராடுகிற ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை, கணக்கைக் கேட்கவும் கேட்டால் சொல்லவும் ஓர் இடம் இருந்தால்தான் நிற்கும்.

இங்கே ஒரு வரலாற்றை நினைவுபடுத்த விரும்புகிறோம். எங்களைவிட நீங்கள் நன்றாக அறிந்த வரலாறு. பிழை இருந்தால் திருத்துங்கள். கலீபா உமர் அவர்கள் மக்கள் முன் பேச எழுந்தபோது ஒருவர் நிறுத்தினார். எல்லாருக்கும் பங்கிட்ட துணி ஆளுக்கு ஒரு துண்டு. உயரமான உங்களுக்கு அந்த ஒரு துண்டில் இந்த அங்கி எப்படித் தைக்க முடிந்தது என்று கேட்டார். கலீபா கோபிக்கவில்லை. மகனை எழுந்து பதில் சொல்லச் சொன்னார். தன் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாக மகன் சொன்னார். சரி, இனிப் பேசுங்கள், கேட்கிறோம் என்றார் கேட்டவர். துணி நெய்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. ஆட்சியின் தலைவரிடமே ஒரு துண்டுத் துணிக்குக் கணக்குக் கேட்கலாம் என்றால், ஒரு சங்கத் தலைவரிடம், ஒரு முதலாளியிடம் கேட்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமைதோறும் குத்பா கேட்கிற ஊர் உங்கள் ஊர். ஒவ்வொரு கிழமையும் ஊரே வேலையை நிறுத்தி, ஒழுக்கத்தைப் பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்கும் வழக்கம் உங்களிடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. திருவிழாவுக்குத்தான் எல்லாரும் கூடுவோம். ஆனால் குத்பா நடக்கும்போது மௌனமாகக் கேட்பது ஒழுங்கு. அங்கே கையைத் தூக்கிக் கேள்வி கேட்பதில்லை. ஆகவே கேள்வி கேட்பதற்கென்று வேறோர் இடமும் வேறோர் நேரமும் வேண்டியிருக்கிறது. உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் வேலை அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இது போட்டி அல்ல. அங்கே கேட்டதை வைத்துக்கொண்டு, "நேற்று இதைக் கேட்டோமே, நம் கடையில், நம் வயலில், நம் தறியில் அது நடக்கிறதா?" என்று பார்க்கும் இடம்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 1876இல் நியூயோர்க் நகரில் பீலிக்ஸ் அட்லர் என்பவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பொதுப் பேச்சைத் தொடங்கினார். யூத மதகுருவின் மகன். கடவுளைப் பற்றி ஆளுக்கு ஒரு எண்ணம் இருக்கலாம், நல்ல செயலில் எல்லாரும் சேரலாம் என்பது அவர் வைத்த அடிப்படை. அந்த மண்டபத்தில் பேசியதோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஏழை நோயாளிகளின் வீட்டுக்குத் தாதிகளை அனுப்பினார்கள். 1878இல் உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு இலவசப் பாலர் பாடசாலை திறந்தார்கள். 1904இல் குழந்தைத் தொழிலுக்கு எதிரான தேசியக் குழு அமைக்கப்பட்டபோது அட்லர் அதில் தலைமைப் பொறுப்பேற்றார். 1915இல் நியூயோர்க் ஆடைத் தொழிற்சாலைத் தகராறில் சமரச சபைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. லண்டனில் 1929இல் திறக்கப்பட்ட கொன்வே மண்டபமும் இதே வழியில் ஞாயிறு உரைகளுக்குப் பேர்போனது.

நம் நாட்டிலும் ஆபிரகாம் கோவூர் இருந்தார். கேரளத்தில் பிறந்து இங்கே தாவரவியல் கற்பித்த ஆசிரியர். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அற்புத சக்தியை மோசடிக்கு இடமில்லாத முறையில் நிரூபித்தால் ஒரு இலட்சம் ரூபா தருகிறேன் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை அதை ஒருவரும் வெல்லவில்லை. பேய் விரட்ட என்று கடன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் எங்கள் லயங்களில் உண்டு. அதனால் அவருடைய வேலையின் அருமை எங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்வோம். ஆதாரம் கேட்கிற பழக்கம் பேயோடு நின்றுவிடக் கூடாது. தராசிடமும் கேட்க வேண்டும், சம்பளத் துண்டிடமும் கேட்க வேண்டும், சங்கத்தின் கணக்குப் புத்தகத்திடமும் கேட்க வேண்டும். மற்றவனுடைய நம்பிக்கையைக் கேலி செய்தால் அவன் அடுத்த கிழமை வரமாட்டான். வராதவனோடு பேச முடியாது.

இதை இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லித் தரத் தேவையில்லை. 1960களில் கவிஞர் நீலாவணன் முன்னின்று நடத்திய எழுத்தாளர் சங்கம் கல்முனையில் இருந்தது. எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன் போன்றவர்கள் எழுதி வளர்ந்த காலம் அது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கவிதை வாசித்து, ஒருவர் எழுத்தை ஒருவர் விமர்சித்தார்கள். இன்றைக்குப் பாண்டிருப்புக்கும் கல்முனைக்குடிக்கும் நடுவே எந்தச் செயலகம் எங்கே, எல்லைக் கோடு எங்கே என்ற வாதம் நீளுகிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் யாருமல்ல. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அது எந்தக் கோட்டையும் பார்க்கவில்லை. மருதமுனையின் தறியையும் பாண்டிருப்பின் தோணியையும் ஒரே நாளில் கொண்டுபோனது.

இப்போது எங்கள் பக்கத்துப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அந்த மாதம் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததில் குழந்தைகளும் செத்தார்கள். அந்தப் பாவத்துக்கு இந்தக் கரையோரத்து மக்கள் காரணமல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் மலைப்பக்கத்துச் சந்தையில், "நானா கடைக்குப் போகாதே" என்று சிலர் சொன்னபோது நாங்கள் உரத்து மறுக்கவில்லை. வருஷக்கணக்கில் தீபாவளிக்குக் கடனுக்குச் சேலை கொடுத்த வியாபாரி, அந்த வருஷம் லயத்துக்கு ஏறி வரப் பயந்தார். பிறகு 2020இல் கொவிட்டால் இறந்தவர்களின் உடலை, குடும்பம் அழுதும் கேளாமல், மார்க்கத்துக்கு மாறாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. மரணாதாரத்துக்கு மாதம் தவறாமல் பணம் சேர்க்கும் எங்களுக்கு, ஒரு மனிதனைத் தன் முறைப்படி அனுப்பி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தெரிந்திருந்தும் எங்கள் மேடையில் அதைப் பற்றி ஒரு கிழமைகூடப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அந்தக் குறையை இங்கே, உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் கணக்கை வாசித்துவிட்டோம். அதனால் உங்களிடமும் ஒன்று கேட்க எங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். கோபிக்க வேண்டாம்.

இந்த மண்டபத்தைப் பார்க்கிறோம். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கடை முதலாளிமார் இருக்கிறீர்கள், உத்தியோகத்தர்கள் இருக்கிறீர்கள், காணிக்காரர்கள் இருக்கிறீர்கள். வரும் வழியில் பிரதான வீதியில் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சனிக்கிழமை பின்னேரம், நல்ல வியாபாரம். துணியை விரித்துக் காட்டிக்கொண்டும், மூட்டை தூக்கிக்கொண்டும் நின்ற இளம் பொடியன்கள் இங்கே இல்லை. கூலிக்கு அறுவடை செய்கிறவர் இல்லை. துண்டுக் கணக்கில் தறி நெய்கிற ராத்தாமாரில் ஓரிருவர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அப்படி நினைத்து ஏமாந்தவர்கள். நேரத்தை யார் வைத்தது என்று பாருங்கள்.

எங்கள் அனுபவத்திலிருந்து நான்கு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று. கூட்டத்தின் நேரத்தைப் பேச வருகிறவர் முடிவு செய்யக் கூடாது. அதிகம் உழைக்கிறவருக்கு எப்போது ஓய்வோ அப்போது வையுங்கள். கடை பூட்டிய பிறகு வைத்தாலும் சரி, தறிக்கொட்டிலிலே வைத்தாலும் சரி.

இரண்டு. பேச்சுக்கு எவ்வளவு நேரமோ, கேள்விக்கும் அவ்வளவு நேரம். பேச்சு நீண்டால் பேச்சைத்தான் வெட்ட வேண்டும்.

மூன்று. நேர்மையைப் பற்றிப் பேசும் கிழமையில் கூட்டத்தின் சொந்தக் கணக்கை முதலில் வாசியுங்கள். தேத்தண்ணிச் செலவாக இருந்தாலும் வாசியுங்கள்.

நான்கு. கேள்வி கேட்டவருக்கு மறுநாள் வேலையில் தொந்தரவு வராது என்று முன்வரிசையில் இருப்பவர்கள் வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கு இல்லாவிட்டால் கடைசி வரிசை எப்போதும் கைதட்டத்தான் செய்யும், கை தூக்காது.

எங்கள் தோட்டத்துக்கு நீங்களும் ஒரு புதன்கிழமை வர வேண்டும். மடுவத்தில் உட்கார நாற்காலி இல்லை. நின்றபடிதான் பேச வேண்டும். கால்மணி நேரத்துக்கு மேல் பேசினால் அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.

மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இனிக் கேள்வி. முன்வரிசைப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். முதல் கேள்வி பின்னால் இருக்கும் ராத்தாமாரிடமிருந்து வரட்டும். அது எங்களைப் பற்றியதாக இருந்தாலும் சரி, இந்த ஊரைப் பற்றியதாக இருந்தாலும் சரி. பதில் தெரிந்தால் சொல்கிறோம். தெரியாவிட்டால், அடுத்த கிழமை புத்தகத்தோடு வருகிறோம்.

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.